தூக்குத் தண்டனை, ஆனால் ஆள் செய்திருக்க மாட்டார் என்று படுகிறது: சேலத்திலிருந்து அடுத்து என்ன செய்வது?

மலைக்கிராமம் கேட்டது:

வணக்கம். கிரிமினல் சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

ஏற்காடு மலைக்கிராமத்து இளைஞர் ஒருவருக்குக் கொலை வழக்கில் அமர்வு நீதிமன்றம் இந்த மாதம் தூக்குத் தண்டனை விதித்திருக்கிறது. மலையாளி பழங்குடி, எஸ்டேட்டில் மிளகு பறிப்பு, கவாத்து வேலை. இப்போது சேலம் மத்திய சிறையில் இருக்கிறார். பெயர், ஊர், ஸ்டேஷன் எதையும் இங்கே எழுதப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம்.

சம்பவம் 2022. கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. தீர்ப்பு நான்கு விஷயங்களை வைத்து நிற்கிறது: முதல் நாள் மாலை இருவரையும் ஒன்றாகப் பார்த்ததாக ஒரு சாட்சி, வி.ஏ.ஓ.விடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம். அவர் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் கவாத்துக் கத்தியும் சட்டையும். ஒரு டிஎன்ஏ அறிக்கை. எஃப்.ஐ.ஆர் காலை 8 மணிக்குப் பதிவானதாக இருக்கிறது. சேலம் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரவு 11.20 என்று எழுதியிருக்கிறது. சட்ட உதவி வக்கீல்தான் விசாரணையை நடத்தினார். எதிர்த்தரப்பு சாட்சி ஒருவர்கூட இல்லை.

குடும்பத்தில் பணம் கிடையாது. மனுக்கொடுக்கலாம், கையெழுத்து வாங்கலாம், உடனே கருணை மனு போடலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? தண்டனையைக் குறைக்கக் கேட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?

---

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:

முதலில் பதற்றம் வேண்டாங்க. அமர்வு நீதிமன்றம் விதித்த தூக்கு, உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. யாரும் அப்பீல் போடாவிட்டாலும் கேஸ் கட்டு தானாகவே மேலே போயாக வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 366, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ் 407). சேலம் வழக்கு மதுரைக் கிளைக்குப் போகாது, சென்னைக்குத்தான். அங்கே அதற்கு ஆர்.டி. எண் விழும், அதாவது ரெஃபர்டு டிரையல். அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா மனுவும் அதன் கீழேதான் நிற்கும்.

தானாகப் போகிறதே என்று அப்பீலை விட்டுவிடாதீர்கள். தூக்குத் தண்டனைக்கு எதிரான அப்பீலுக்கு 30 நாள்தான். மற்ற தண்டனைகளுக்கு உயர் நீதிமன்றத்தில் 60 நாள் என்பதால் பலர் இங்கே குழம்புவார்கள். கையில் வக்கீல் இல்லாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம் (பிஎன்எஸ்எஸ் 424). நாள் தாண்டினாலும் தாமத மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

தீர்ப்பு நகல் அவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். அது மட்டும் போதாது. சாட்சிகளின் வாக்குமூலங்கள் (முதல் விசாரணை, குறுக்கு விசாரணை இரண்டும்), அ.சா.ஆ. (அரசுத் தரப்பு சான்றாவணம்) எண் போட்ட அத்தனை ஆவணங்கள், 313 கேள்வி-பதில் (சாட்சியம் பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேட்பது), சான்றுப் பொருள் பட்டியல், படிவம் 95 (கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டில் ஒப்படைக்கும் படிவம்), ரிமாண்ட் உத்தரவுகள், தேதிவாரியான டாக்கெட் உத்தரவுகள் என்று முழுக் கட்டுக்கும் நகல் மனு போடச் சொல்லுங்கள். கட்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டால் இங்கே நகல் வாங்குவது இழுபறி ஆகிவிடும். அதனால் இதுதான் இந்த வாரத்து வேலை.

பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காவலில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு (1987 சட்டம், பிரிவு 12). மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். சென்னையில் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு வக்கீலை நியமிக்கும். அனோகிலால் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்: தூக்கு வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும்; உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டு நிலையில் மூத்த வழக்கறிஞர்களைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும்; தயாராக ஏழு நாளாவது அவகாசம் தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

---

கன்னங்குறிச்சியான்:

இதெல்லாம் வருஷக்கணக்கில் ஓடும் வேலைங்க. டிவியில் ஒரு விவாதம், கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஒரு ஆர்ப்பாட்டம், முதல்வருக்கு ஒரு மனு. அழுத்தம் வந்தால்தான் அசையும். எப்படியும் ஆட்டோ சங்கரை 1995-இல் இதே சேலம் ஜெயிலில் போட்டதற்கு அப்புறம் தமிழ்நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லையே.

---

கட்டுப்புரட்டி:

கன்னங்குறிச்சியான் அண்ணா, தூக்கில் போடவில்லை என்பது வேறு, செய்யாத ஆள் 15 வருஷம் உள்ளே இருப்பது வேறு. இந்தக் கட்டத்தில் கலெக்டருக்கோ முதல்வருக்கோ தீர்ப்பை மாற்றும் அதிகாரம் கிடையாது. உறுதிப்பாட்டு அமர்வுக்கு இருக்கிறது. இரண்டு நீதிபதிகள் மொத்தச் சாட்சியத்தையும் புதிதாக எடை போட்டாக வேண்டும்; விடுதலையும் செய்யலாம் (பிஎன்எஸ்எஸ் 409). இதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படியிலும் வாசல் குறுகிக்கொண்டே போகும். அதனால் நிரபராதி என்று சொல்ல ஏதாவது இருந்தால் அதை இப்போது, காகிதத்திலிருந்து காட்ட வேண்டும்.

டிவியில் பேசினால் ஒரு கெடுதலும் உண்டு. சாட்சிகளின் பெயர் வெளியே வரும், அடுத்த நாளே “மிரட்டுகிறார்கள்” என்று புகார் போகும். உறவினர்கள் யாரும் சாட்சி வீட்டுப் பக்கம் போகவே கூடாது. “பொய் சொல்லிட்டேன்” என்று சாட்சியிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி வருவார்கள் சிலர். கோர்ட் அதைக் காசு கொடுத்து வாங்கியது என்றுதான் பார்க்கும்.

சரி, கட்டு கையில் வந்ததும் எதைப் பார்ப்பது?

எஃப்.ஐ.ஆர்.: காலை 8 மணிக்கு எழுதிய எஃப்.ஐ.ஆர் இரவு 11.20-க்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போயிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வர ஒன்றேகால் மணி நேரம். குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தாலும் பதினைந்து மணி நேரம் ஆகாது. தாமதம் ஒன்றை மட்டும் வைத்து விடுதலை வராது. ஆனால் அதை விளக்க வேண்டியது அரசுத் தரப்பு. எஃப்.ஐ.ஆரைக் கொண்டுபோன காவலரைச் சாட்சியாக விசாரித்தார்களா, பாஸ்போர்ட்டில் அவர் புறப்பட்ட நேரம் இருக்கிறதா என்று பாருங்கள் (இந்த பாஸ்போர்ட் வெளிநாடு போகிறது இல்லை, ஸ்டேஷனிலிருந்து காவலருக்குத் தரும் பணிச் சீட்டு). அந்த இடைவெளியில் பிணவிசாரணை அறிக்கை எழுதியிருப்பார்கள். அதில் சந்தேக நபரின் பெயர் இருக்கிறதா? எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்து பிணவிசாரணையில் இல்லை என்றால், எஃப்.ஐ.ஆர் பிற்பாடு எழுதப்பட்டது என்ற வாதத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது.

வி.ஏ.ஓ. வாக்குமூலம்: நம்ம ஊர்க் கொலை வழக்குகளில் இது அடிக்கடி வரும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது, அதனால் நடுவே ஒரு வி.ஏ.ஓ. கேட்க வேண்டியது மூன்றே மூன்று. அவருக்கும் இவருக்கும் முன்பழக்கம் உண்டா? போலீஸ் தேடும்போது சொந்தக்காரன், ஊர்க்கவுண்டர் எல்லோரையும் விட்டுவிட்டு இவரிடம் ஏன் போனார்? அதே வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும்தானா கத்தி எடுத்த மகஜரிலும் (கைப்பற்றும்போது எழுதும் ஆவணம்) கையெழுத்துப் போட்டது? மூன்றாவதற்கு ஆம் என்றால், தனித்தனி ஆதாரம் போலத் தெரிவது ஒரே கையிலிருந்து வந்தது என்று வாதிடலாம். இப்படிப்பட்ட ஒப்புதலைப் பலவீனமான சாட்சியம் என்றே நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. வேறு ஆதாரத்தின் துணை இல்லாமல் நிற்காது.

கத்தி: வாக்குமூலத்தில் “அனுமதிக்கத்தக்க பகுதி” என்று ஒன்றைத் தனியாகக் குறியீடு செய்திருப்பார்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று சொன்ன அந்த வரி மட்டும்தான் செல்லும் (பழைய சாட்சியச் சட்டம் 27). “அதைக் கொண்டு வெட்டினேன்” என்பதைத் தீர்ப்பில் நீதிபதி பயன்படுத்தியிருந்தால் அது அப்பீலில் முதல் பாயிண்ட். எடுத்த இடம் யார் வேண்டுமானாலும் போய்வரும் காபித் தோட்டமா, இவர் பூட்டி வைத்த வீடா? எஸ்டேட்டில் லைன் வீடு ஒவ்வொன்றிலும் கவாத்துக் கத்தி இருக்கும். இந்தக் கத்திதான் என்று சொல்ல என்ன அடையாளம்? ரத்தப் பரிசோதனை அறிக்கையில் “மனித ரத்தம், பிரிவு கண்டறிய இயலவில்லை” என்று இருந்தால் கத்தி இறந்தவரோடு சேரவே இல்லை.

கடைசியாகப் பார்த்த சாட்சி: பார்த்த நேரத்துக்கும் பிரேதப் பரிசோதனை சொல்லும் இறப்பு நேரத்துக்கும் இடையே எத்தனை மணி? இடையில் மூன்றாவது ஆள் வர வாய்ப்பில்லாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் இதற்கு மதிப்பு. அந்தச் சாட்சியைப் போலீஸ் எந்தத் தேதியில் விசாரித்தது, அந்த 161 வாக்குமூலம் கோர்ட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். சம்பவம் முடிந்து மாதக்கணக்கில் கழித்துப் போயிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

313: ஒவ்வொரு பாதகமான சூழ்நிலையையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். டிஎன்ஏ பற்றிக் கேட்கவே இல்லை என்றால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று வாதிடலாம். நிறையக் கட்டுகளில் ஒரே கேள்வியில் நாலு சாட்சியை அடுக்கி, பதிலுக்கு “பொய்” என்று ஒரு வார்த்தை இருக்கும்.

சூழ்நிலைச் சாட்சிய வழக்குக்கு அளவுகோல் 1984 சாரதா தீர்ப்பு. ஒவ்வொரு கண்ணியும் முழுதாக நிரூபிக்கப்பட வேண்டும். எல்லாம் சேர்ந்து இவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று காட்ட வேண்டும். அப்பீல் அடிப்படைகளை அந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

---

தடயப்பை:

டிஎன்ஏ என்றதும் எல்லோரும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். பொருத்தம் என்பது ஆய்வகத்துக்கு வந்த மாதிரியைப் பற்றிய உண்மை. அந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

தேனி சுருளி அருவி அருகே 2011-இல் நடந்த இளம் ஜோடி கொலை வழக்கைப் படியுங்கள். தூக்கு விதித்து, மதுரைக் கிளை உறுதி செய்து, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மாதிரிகள் கைமாறிய விதத்தில் இருந்த ஓட்டைகள் அதில் பெரிய காரணம். அதே தீர்ப்பில் நாடு முழுமைக்கும் விதிமுறை போட்டார்கள்: மாதிரி எடுத்த ஆவணத்தில் மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் கையெழுத்து; எடுத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது, முடியாவிட்டால் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுதுவது; கோர்ட் அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி சீல் வைக்கவோ கூடாது; எடுத்தது முதல் வழக்கு முடியும் வரை யார் கையில் இருந்தது என்ற பதிவேடு. உங்கள் வழக்கு 2022 என்பதால் இந்த விதிகள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

நடைமுறையில் ஒரு தாளை எடுத்து, பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடுங்கள். கைப்பற்றிய தேதி மகஜரில், கோர்ட்டுக்கு வந்த தேதி படிவம் 95-இல், ஆய்வகத்துக்கு அனுப்பிய தேதி கோர்ட்டின் கடிதத்தில், கிடைத்த தேதியும் சீல் விவரமும் ஆய்வக அறிக்கையின் முதல் பக்கத்தில். நடுவில் சட்டை பத்து நாள் ஸ்டேஷனில் கிடந்திருந்தால் அது அந்தத் தாளில் பல்லிளிக்கும். மகஜரில் “நீலக் கட்டம் போட்ட சட்டை”, அறிக்கையில் “சாம்பல் நிறச் சட்டை” என்று வருவதும் உண்டு; விவரிப்பை வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: ஈரத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். கத்தியையும் சட்டையையும் ஒரே பையில் போட்டிருந்தால் ஒன்றின் ரத்தம் மற்றதில் ஒட்டும். மலை மழையில் கிடந்த துணி என்றால் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். அறிக்கை எழுதிய நிபுணரைக் கூண்டில் ஏற்றினார்களா, இல்லை அறிக்கையை மட்டும் குறியீடு செய்தார்களா என்பதும் முக்கியம்.

சிசிடிவி ஏதாவது இருந்தால் 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் சான்று) இருக்கிறதா பாருங்கள். 2020 அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்புப்படி அது கட்டாயம்.

---

மலைக்கிராமம்:

மிக்க நன்றிங்க. வி.ஏ.ஓ.வும் அவர் உதவியாளரும்தான் கத்தி மகஜரிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், கட்டுப்புரட்டி சொன்னது அப்படியே இருக்கிறது.

இரண்டு விஷயம். அன்று மாலை இவர் வேறு எஸ்டேட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்கிறார். விசாரணையில் யாரும் இதைச் சொல்லவில்லை. அடுத்தது வயது. போலீஸ் எழுதியது 19. அம்மா கணக்குப்படி அப்போது 18 முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை.

---

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:

வயதுதான் முதல் வேலை. மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

சம்பவ நாளில் 18 நிறையவில்லை என்றால் தூக்கும் கிடையாது, வெளியே வர வாய்ப்பில்லாத ஆயுளும் கிடையாது. இந்தக் கோரிக்கையை எந்த நிலையிலும், தீர்ப்பு இறுதியான பிறகும் எழுப்பலாம் (சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9). மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. அதற்குள் 28 வருஷம் உள்ளே கழிந்துவிட்டது.

ஆதாரத்துக்கு வரிசை உண்டு (பிரிவு 94). முதலில் பள்ளிச் சான்று, அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதில் ஓரிரு வருஷம் முன்பின் வரும், அதை நம்பி இறங்க வேண்டாம். அவர் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தாலும் சரி, அங்கே சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தலைமையாசிரியரிடம் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். தருவதற்குத் தயங்கினால் ஆர்.டி.ஐ. போடுங்கள், அல்லது வக்கீல் மூலம் கோர்ட்டிலிருந்தே பதிவேட்டை வரவழைக்கலாம். பிறந்த தேதி யார் சொல்லி எழுதப்பட்டது என்பதும் கேள்வி வரும், அம்மாவோ அப்பாவோ சேர்த்திருந்தால் நல்லது. இப்போது புதிதாகப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு எடுத்த காகிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வேறு எஸ்டேட்டில் இருந்தார் என்பதில் கவனம் தேவை. அலிபி சொன்னால் நிரூபிக்கும் சுமை நம் தலையில். வாயால் சொன்னால் போதாது. அந்த எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), எடை எழுதும் நோட்டு, கூலி பட்டுவாடா கையெழுத்து, அன்று ரேஷன் கடையில் கைரேகை வைத்திருந்தால் அந்த இயந்திரப் பதிவு என்று அப்போதே எழுதப்பட்ட ஏதாவது ஒன்று வேண்டும். போன் அழைப்பு விவரத்தை நிறுவனங்கள் இரண்டு வருஷத்துக்குத்தான் வைத்திருக்க வேண்டும், 2022-க்கு இனி கிடைப்பது சந்தேகமே. விசாரணை அதிகாரி அப்போது வாங்கியிருந்தால் கட்டிலோ கேஸ் டைரியிலோ இருக்கும். காகிதம் கிடைத்தால் கூடுதல் சாட்சியத்துக்கு மனு (பழைய 391, புதிய 432, உறுதிப்பாட்டு வழக்கிலேயே 408 உண்டு). ஏன் முன்பே சொல்லவில்லை என்று முதல் கேள்வி வரும். எதிர்த்தரப்பு சாட்சியே அழைக்கப்படவில்லை என்ற டாக்கெட் உத்தரவு அங்கே பதிலாக நிற்கும். 2017 சென்னைச் சிறுமி கொலை வழக்கில் 2018-இல் செங்கல்பட்டில் தூக்கு, அதே ஆண்டு உயர் நீதிமன்ற உறுதி. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது, எதிர்த்தரப்புக்குத் தயாராகப் போதிய அவகாசம் தரப்படாததையும் சொன்னது.

காகிதம் கிடைக்காவிட்டால் அலிபியைத் தொடாதீர்கள். பொய்யென்று ஆன அலிபி இன்னொரு கண்ணியாகிவிடும்.

---

முல்லைவேலி:

சிறைப் பக்கத்து விஷயங்களை நான் சொல்கிறேன்.

வக்காலத்தில் கையெழுத்தைச் சிறைக்குள்ளேயே வாங்கி, சிறை அதிகாரி சான்றிட்டுத்தான் வெளியே வரும். சட்ட உதவிக் கேட்பு மனுவையும் அவரே உள்ளேயிருந்து கொடுக்கலாம். கொடுத்ததற்கு நகலும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். கருணை மனு தீரும் வரை தூக்குத் தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறையில் அடைத்து வைக்க முடியாது, 1978 சுனில் பத்ரா தீர்ப்பு அதைத் தெளிவாக்கிவிட்டது. குடும்பத்தார் மனுப் போட்டுப் பார்க்கலாம்.

தண்டனைக் குறைப்புக் கேட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகாது. “இவர் செய்யவில்லை, ஒருவேளை செய்தார் என்று நீதிமன்றம் கருதினாலும் தூக்கு கூடாது” என்று இரண்டையும் ஒரே அப்பீலில் சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 2022 மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு நன்னடத்தை அதிகாரி அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை, மனநல மதிப்பீடு மூன்றும் கோர்ட் முன் இருக்க வேண்டும். விசாரணைக் கோர்ட்டில் இவை இருந்தனவா பாருங்கள். இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள். கடலூர் பக்கத்து வழக்கு ஒன்றில் சிறை நடத்தை பற்றிய தகவலை மறைத்ததற்காகக் காவல் அதிகாரி மீதே 2023-இல் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை தொடங்கியது. தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது. பள்ளிக்கூடம், சிறு வயதில் தலையில் அடி, வைத்தியச் சீட்டு, ஊர்ப்பெரியவர்கள் சொல்வது என்று இப்போதே சேர்த்து வையுங்கள். இந்த வேலையைச் செய்கிற சட்டப் பல்கலைக்கழகக் குழு ஒன்று உண்டு. ப்ராஜெக்ட் 39ஏ என்று டெல்லியில் இருந்தது, இப்போது ஹைதராபாத் நல்சாரில் ஸ்கொயர் சர்க்கிள் கிளினிக். எழுதிக் கேளுங்கள்.

கருணை மனு இப்போது வேண்டாம். உச்ச நீதிமன்றம் வரை முடிந்து, அதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள் (பிஎன்எஸ்எஸ் 472). முதலில் ஆளுநர், நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவர். சாட்சியத்தைக் குடியரசுத் தலைவர் தாமாகவே எடை போட்டு வேறு முடிவுக்கு வரலாம் என்று கேஹர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அங்கேயும் நிரபராதி வாதம் செல்லும். நிராகரிப்பு தெரிவித்த பிறகும் 14 நாள் இடைவெளி வேண்டும், 2014 சத்ருகன் சௌகான் தீர்ப்பு.

உயர் நீதிமன்றம் உறுதி செய்தால் உச்ச நீதிமன்றத்துக்கு 60 நாள். மூன்று நீதிபதிகள் கேட்பார்கள். தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை நம்ம ஊர் ஆள் ஒருவர் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். “சாயங்காலம்” என்பது “இரவு” ஆகிவிட்டால் கடைசியாகப் பார்த்த நேரமே மாறிப்போகும்.

சீராய்வு மனுவும் வெறும் சடங்கு இல்லை. 2014 முதல் தூக்கு வழக்குகளில் அது திறந்த நீதிமன்றத்தில் கேட்கப்படுகிறது. தருமபுரி பஸ் எரிப்பு வழக்கில் சேலம் கோர்ட் 2007-இல் விதித்த தூக்கு 2010-இல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. 2016-இல் சீராய்வில்தான் ஆயுளானது. மகாராஷ்டிரத்தில் 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்ற ஆறு பேர், 2019-இல் அதே நீதிமன்றத்தில் சீராய்வுக்குப் பிறகு நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். ஆளுக்கு 5 லட்சம் இழப்பீடு. நிதாரி வழக்கில் 2025 நவம்பரில் குணப்படுத்தும் மனுவிலேயே (சீராய்வுக்கும் பிறகு வரும் கடைசி மனு) விடுதலை கிடைத்தது.

ஆனால் இவற்றை நம்பி இப்போதைய வேலையைத் தள்ளிப் போட வேண்டாம். பேரறிவாளன் வழக்கில் வாக்குமூலம் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே ஓய்வுக்குப் பிறகு, 2013-இல், அவர் சொன்னதில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டேன் என்று சொன்னார். அதற்குப் பிறகும் 2022-இல் விடுதலை வந்தது வேறு வழியில். தீர்ப்பு ரத்தாகவில்லை.

---

தடயப்பை:

ஒன்று விட்டுப்போச்சு. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் சொத்து உத்தரவு இருக்கும்: “அப்பீல் காலம் முடிந்ததும் சான்றுப் பொருட்கள் அழிக்கப்பட வேண்டும்” என்ற மாதிரி. கத்தியும் சட்டையும் போய்விட்டால் மறுபரிசோதனை கேட்க எதுவும் மிஞ்சாது. அப்பீலோடு சேர்த்து அவற்றை அப்படியே பாதுகாக்க ஒரு இடைக்கால மனு, ஆய்வகத்தில் மீதமுள்ள மாதிரியையும் சேர்த்து. மனுவில் சா.பொ. (சான்றுப் பொருள்) எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள். “எல்லாப் பொருட்களும்” என்று பொதுவாக எழுதினால் ஆய்வகம் தன்னிடம் இருப்பதற்கு அது பொருந்தாது என்று சொல்லிவிடும்.

---

மலைக்கிராமம்:

பார்த்தேன், நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஆணைக்குழு அலுவலகம், அங்கிருந்து அவர் படித்த பள்ளி. சா.பொ. எண்களைக் குறித்துக்கொண்டுவிட்டேன்.